பின் அச்சின் கதை: இஞ்சினைப் பெரிதாக்க நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு



நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க முடியாவிட்டால் சேமித்து வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் வாகனப் பைத்தியம் பிடித்த மகனோ தம்பியோ இருந்தால் அவரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

கடந்த மாதம் வயல் வீதி வளைவில் ஒரு காரின் பின் சில்லு கழன்று ஓடியது ஊரில் பலருக்குத் தெரியும். சில்லு மட்டும் கழரவில்லை. அதன் உள்ளே இருந்த இரும்புத் தண்டோடு சேர்ந்து வெளியே வந்து, வரம்பைத் தாண்டி வயலுக்குள் போய் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் முந்தியிருந்தால் அதே வளைவில் ரியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் நின்றிருப்பார்கள்.

ஓட்டியவர் எமது பழைய மாணவர். மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தைச் சேர்த்து, பழைய பின்சில்லு இயக்கக் காருக்குப் பெரிய இஞ்சின் போட்டார். அகலமான டயரும் போட்டார். பின் அச்சுக்குப் பணம் மிஞ்சவில்லை. பழைய கூட்டைக் கழற்றி, பெயாரிங் மட்டும் மாற்றி, மீண்டும் பூட்டினார்கள். அந்தப் பெயாரிங்கை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஒன்று இருக்கிறது. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அதைப் பழையதாகவே அடித்துவிட்டிருக்கிறார்கள். சில நூறு ரூபா விடயம்.

எமக்கு உறுத்துவது இன்னொன்று. பற்சில்லு விகிதத்தை அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் கற்பித்தது நாம்தான். கணக்கைச் சரியாகச் செய்து நல்ல புள்ளியும் எடுத்தவர். ஆனால் அந்தக் கணக்கு ஓடுகிற காரின் அடியில் என்ன செய்கிறது என்பதை நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. இந்தப் பதிவு அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்ப்பதற்கு.

*சில்லுகள் ஏன் ஒன்றாகச் சுற்றக் கூடாது?*

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் இடையில் 1.4 மீற்றர் தூரம் இருக்கிறது என்று வைப்போம். கார் 90 பாகை திரும்புகிறது. வெளிப்பக்கச் சில்லு உட்பக்கச் சில்லைவிட எவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும்? ஏறத்தாழ 2.2 மீற்றர். வளைவு பெரிதோ சிறிதோ, விடை மாறாது. இரண்டு சில்லையும் ஒரே கட்டைத் தண்டில் இறுக்கிப் பூட்டினால் இந்த 2.2 மீற்றருக்குப் போக இடமில்லை. ஒன்று டயர் தரையில் தேய்ந்து இழுபடும், அல்லது தண்டு முறுகும்.

மாட்டு வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதன் சில்லுகள் இரண்டும் தனித்தனியே சுற்றும். இழுப்பது மாடு. சில்லையே இயந்திரம் சுற்ற வேண்டும் என்று வந்தபோதுதான் தலையிடி தொடங்கியது. 1827ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி, நீராவி வண்டிக்காக ஒரு பற்சில்லுத் தொகுதிக்குக் காப்புரிமை எடுத்தார். இரண்டு பக்கத்துக்கும் விசையைக் கொடுக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் விடும். நமது கராஜ்களில் 'டிபரன்ஷல்' என்று சொல்வது அதைத்தான்.

1877 அளவில் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மிதிவண்டி வகையொன்றில் பயன்படுத்தினார். பிறகு கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டியிலும் அந்த வழிமுறை வந்தது. 1898இல் பிரான்சின் லூயி ரெனோ சங்கிலியை விட்டுவிட்டு, நீண்ட தண்டு ஒன்றின் மூலம் இஞ்சினின் விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோனார். இன்று நம் ஊர் வான், பிக்கப், லொறிகளின் அடியில் குனிந்து பார்த்தால் தெரிவது அடிப்படையில் இதே அமைப்புத்தான்.

இப்போது சில பிள்ளைகள் காரைச் சறுக்கி ஓட்டுவதற்காக டிபரன்ஷலுக்குள் வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். 1827இல் ஒரு மனிதர் தீர்த்து வைத்த பிரச்சினையை மறுபடி உண்டாக்குகிறோம் என்பதை அவர்கள் அறிவதில்லை. நேராக மட்டும் ஓடும் பந்தயக் காருக்கு அது சரிவரலாம். சந்திக்குச் சந்தி திரும்புகிற காரில், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த 2.2 மீற்றர் தண்டில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தண்டு கணக்கை முடித்துவிடும்.

*கூட்டுக்குள் இருப்பது*

இஞ்சினிலிருந்து வரும் தண்டின் நுனியில் சிறிய பற்சில்லு, அதுதான் பினியன். அது சுற்றுவது பெரிய பற்சில்லை, அதுதான் க்ரவுன். பினியன் 4.1 முறை சுற்றினால் க்ரவுன் ஒரு முறை சுற்றும் என்றால் விகிதம் 4.10.

தொடக்கத்தில் இந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டன. பெரும் சத்தம். பிறகு அமெரிக்காவின் ரொசெஸ்டர் நகரிலிருந்த க்ளீசன் நிறுவனத்தின் இயந்திரங்கள் பற்களை வளைவாக வெட்டின. சத்தம் குறைந்தது. அடுத்து வந்தது 'ஹைப்பொயிட்' முறை: பினியனைக் க்ரவுனின் நடுவிலிருந்து கீழே இறக்கிப் பொருத்துவது. 1926இல் பக்கார்ட் கார்கள் இதைக் கொண்டு வந்தன. நீண்ட தண்டு தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது. பற்களில் ஒரே நேரத்தில் படும் பரப்புக் கூடியதால் பலமும் கூடியது. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஓடுவதால் சாதாரண ஒயில் அங்கே நிற்காது. அதனால்தான் பின் அச்சுக்குத் தனி ஒயில். மிஞ்சிய இஞ்சின் ஒயிலை அதற்குள் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு குறை மீதமிருந்தது. டிபரன்ஷல் இரு பக்கத்துக்கும் சமமாகத்தான் விசை கொடுக்கும். ஒரு சில்லு சேற்றில் பிடிப்பிழந்தால் அது வீணாகச் சுற்றும், மற்றது அசையாது. மழைக்காலத்தில் வயல் பாதையில் வான் புதைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பந்தயத்திலும் இதே கதைதான். ஃபெர்டினாண்ட் போர்ஷ வடிவமைத்த ஒட்டோ யூனியன் பந்தயக் கார்களில் இஞ்சின் பலம் அவ்வளவு கூடியிருந்ததால் ஒரு பின் சில்லு வீணாகச் சுழன்றது. 1935இல் இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் சொல்லி, சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷல் ஒன்றைச் செய்வித்தார்கள். 1956இல் பக்கார்ட்டும் 1957இல் செவ்ரோலெட்டும் அமெரிக்கத் தெருக் கார்களுக்கு அந்த வகையைக் கொண்டு வந்தன.

*உடைத்துப் படித்தவர்கள்*

பின் அச்சை மாற்றி வேகம் கூட்டும் பழக்கம் அமெரிக்காவில் வளர்ந்தது. ஃபோர்ட் மொடல் டி கார் 1908இல் வந்தபோது அதன் பின் அச்சு விகிதம் 3.64. மலை ஏறச் சிரமப்பட்டவர்களுக்காக, ரக்ஸ்டெல் என்ற இரு வேகப் பின் அச்சு தனியாக விற்கப்பட்டது. 1932இல் ஃபோர்ட் மலிவு விலையில் வி8 இஞ்சின் கொடுத்ததும் இளைஞர்கள் விடவில்லை. கலிபோர்னியாவின் வறண்ட ஏரித் தரைகளில் காரை ஓட்டிப் பார்ப்பதற்கென்றே கூடினார்கள். 1951இல் நேர்ப்பாதைப் பந்தயத்துக்கான என்.எச்.ஆர்.ஏ. அமைப்புத் தொடங்கியது. கால் மைல் தூரம், அதாவது 402 மீற்றர். நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும்.

பாயும்போது உடைந்தது எது? இஞ்சினைப் பெரிதாக்கியவர்களுக்கு அடுத்தடுத்து உடைந்தவை கியர்பொக்ஸும் பின் அச்சுமே. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள். இஞ்சின் கொடுக்கும் முறுக்குவிசை 400 நியூட்டன் மீற்றர் என்போம். முதல் கியர் அதை 2.78 மடங்காக்கும். பின் அச்சு 3.5 மடங்காக்கும். பெருக்கினால் 3,892. இஞ்சினில் 400 ஆக இருந்தது சில்லுக்கு வரும்போது ஏறத்தாழ 4,000. இஞ்சினில் 100 கூட்டினால் பின் அச்சில் கிட்டத்தட்ட 1,000 கூடும். டயர் வழுக்கினால் அந்தச் சுமை கொஞ்சம் வெளியேறிவிடும். நல்ல அகலமான டயர் போட்டு வழுக்கலை நிறுத்தினால் முழுவதும் தண்டுக்குத்தான். எமது மாணவர் இரண்டையும் ஒன்றாகச் செய்திருந்தார்.

அக்காலத்தில் ஹாலிபிராண்ட் என்ற பட்டறை ஒரு தந்திரம் செய்தது. பின் அச்சின் பின்புற மூடியைத் திறந்து இரண்டு சிறு பற்சில்லுகளை மாற்றினால் விகிதம் மாறிவிடும். காலையில் ஓர் ஓடுபாதை, மாலையில் இன்னொன்று என்று ஓடியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் தெருக் காரில் அதன் இரைச்சலைத் தாங்க முடியாது.

*ஒன்பது அங்குலத்தின் புகழ்*

1957இல் ஃபோர்ட் ஒரு பின் அச்சைக் கொண்டு வந்தது. க்ரவுனின் விட்டம் 9 அங்குலம் என்பதால் பெயரே 'ஒன்பது அங்குலம்'. பந்தயத்துக்காகச் செய்ததல்ல. கனமான குடும்பக் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் செய்தது. 1986 வரை உற்பத்தியில் இருந்தது.

பந்தயக்காரர் அதை விரும்பியதற்கு மூன்று காரணங்கள். ஒன்று, பினியனுக்கு வழமையான இரண்டு பெயாரிங்கோடு நுனியில் மூன்றாவது பெயாரிங்கும் உண்டு. சுமை ஏறும்போது பினியன் க்ரவுனை விட்டு விலகி வளையாது. இரண்டு, பற்சில்லுகள் இருக்கும் நடுப்பகுதி முழுவதும் முன்பக்கமாகக் கழன்று வரும். மேசையில் வைத்து அளவு பார்த்துப் பூட்டலாம், வேறு விகிதத்தில் இன்னொன்றைத் தயாராகவும் வைத்திருக்கலாம். மூன்று, தண்டை அது வெளி முனையில், பெயாரிங்கோடு பிடித்து வைக்கிறது. தண்டு உள்ளே உடைந்தாலும் சில்லு உடனே வெளியே வராது.

இதற்கு மாறாக, செவ்ரோலெட்டின் பிரபலமான 'பன்னிரண்டு போல்ட்' அச்சிலும், பின்னர் வந்த ஃபோர்ட்டின் 8.8 அங்குல அச்சிலும் தண்டின் உள் முனையில் 'சி' எழுத்து வடிவான ஒரு கிளிப்தான் பிடி. தெருவுக்குப் போதும், செலவும் குறைவு. ஆனால் தண்டு முறிந்தால் முறிந்த துண்டோடு சில்லும் வெளியேறும். இதனால்தான் என்.எச்.ஆர்.ஏ. விதிகள், கால் மைலை 10.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் கார்களில் அந்தக் கிளிப் முறையை மாற்ற வேண்டும் என்கின்றன.

ஒன்பது அங்குலத்துக்குக் குறையும் உண்டு. பினியன் மற்ற அச்சுகளைவிடக் கீழே இருப்பதால் பற்கள் கூடுதலாகச் சறுக்கும். கொஞ்சம் பலம் உராய்வில் போகும். அதையும் பொறுத்துக்கொண்டு அதை எடுத்தார்கள். இதில் சுவையான விடயம், நாஸ்கார் பந்தயத்தின் உயர் பிரிவில் செவ்ரோலெட்டும் டொயோட்டாவும்கூட 2021 வரை ஃபோர்ட் ஒன்பது அங்குல வழிவந்த பின் அச்சைத்தான் பூட்டி ஓடின. போட்டிக் கம்பனியின் பெயரைவிட உடையாமல் இருப்பது பெரிது. 2022இல்தான் ஒவ்வொரு சில்லும் தனியே அசையும் புதிய அமைப்பு அங்கே வந்தது.

கிரைஸ்லர் கார்களுக்கு வேறு தெரிவுகள். 1957 முதல் 1974 வரை வந்த 8¾ அங்குல அச்சு ஒன்று. அதிலும் நடுப்பகுதி கழன்று வரும். ஹெமி போன்ற முரட்டு இஞ்சின்களுக்கு 9¾ அங்குல க்ரவுன் கொண்ட டானா 60. உடைக்கக் கடினம், தூக்கவும் கடினம். அந்தப் பாரம் முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால் மேடு பள்ளத்தில் கார் குதிக்கும்.

*மலிவாகத் தெரிந்தெடுத்தவர்கள்*

எல்லோரிடமும் பணம் இருக்கவில்லை. ஆகவே பழைய வாகனச் சந்தையில் தேடினார்கள். அதில் மிகப் பெயர்பெற்றது, ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஜீப்பின் 8.8 அங்குலப் பின் அச்சு. 1995 முதல் 2001 வரையான வாகனங்களில் தடித்த, 31 பல் தண்டும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தே வந்தன. அதன் கூடு ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. நீளமான பக்கத்தின் குழாயை வெட்டிக் குறைத்து, இன்னொரு குட்டைத் தண்டைப் போட்டால் இரு பக்கமும் சமமாகி, பழைய மஸ்டாங் போன்ற கார்களுக்கு அளவாக வரும். சிறப்புத் தண்டு செய்விக்கத் தேவையில்லை. பஞ்சிகாவத்தையில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த மூளை நன்றாக விளங்கும்.

31 பல், 28 பல் என்பதன் பொருள் தண்டின் தடிப்பு. 28 பல் தண்டு ஏறத்தாழ 30 மில்லிமீற்றர், 31 பல் ஏறத்தாழ 33. மூன்று மில்லிமீற்றர் என்ன பெரிது என்று நினைக்கலாம். முறுகலைத் தாங்கும் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். 33ஐ 30ஆல் வகுத்து மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 1.33. மூன்று மில்லிமீற்றருக்கு மூன்றில் ஒரு பங்கு பலம்.

*விகிதத்தின் ஆசை*

அடுத்து எல்லோரும் தடுமாறும் இடம். விகிதத்தின் எண்ணைக் கூட்டினால் கார் பாயும் என்பது உண்மை. சில்லு ஒருமுறை சுற்ற 2 மீற்றர் ஓடும் காரை எடுங்கள். மேல் கியரில் இஞ்சினும் நீண்ட தண்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன என்றால், 100 கிலோமீற்றர் வேகத்தில் 3.08 விகிதத்துக்கு இஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,570 சுற்று. 4.10 விகிதத்துக்கு 3,420. அதே வேகம், அதே தூரம், ஆனால் கூடுதல் பெற்றோல், கூடுதல் சத்தம், கூடுதல் தேய்மானம். போதாததற்கு, எண் கூடக்கூடப் பினியன் சிறிதாகும். சிறிய பினியன் பலம் குறைந்தது.

நம் வீதிகளில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரே இதற்கு நல்ல பாடம். 1956இல் 948 சீசீ இஞ்சினோடு வந்தபோது பின் அச்சு விகிதம் 4.55. 1962இல் இஞ்சின் 1098 சீசீ ஆனதும் விகிதத்தை 4.22 ஆகக் குறைத்தார்கள். இஞ்சின் பலப்பட்டால் அச்சை அவ்வளவு வருத்தத் தேவையில்லை என்பதைச் செய்தவர்களே காட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மைனரை வேகமாக்குகிறவர்கள் எம்.ஜி. மிட்ஜெட் காரின் 3.9, 3.7 விகிதப் பற்சில்லுகளை அதற்குள் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

*நம் பிள்ளைகளுக்கு*

இவ்வளவு வரலாறும் சொன்னது சில விடயங்களுக்காக.

1. இஞ்சின் வாங்கும் முன் பின் அச்சின் கணக்கைப் போடுங்கள். முறுக்குவிசை, முதல் கியர், அச்சு விகிதம், மூன்றையும் பெருக்கினால் விடை. பணத்தைப் பிரிக்கும்போது அச்சுக்கும் பிரேக்குக்கும் முதலில் எடுத்து வையுங்கள்.

2. தண்டு எந்த முனையில், எதனால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வெளி முனைப் பிடி நல்லதுதான். ஆனால் அந்த வளையம் புதிதாக, இறுக்கமாக இருந்தால் மட்டுமே. வளைவில் சில்லை வெளியே இழுக்கும் விசையைத் தாங்குவது அது ஒன்றுதான். எமது மாணவரின் தண்டு உடையவே இல்லை. பிடி விட்டுவிட்டது.

3. லொறி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஜாக் அடிக்காமலே தண்டை உருவி எடுக்கலாம். அங்கே பாரத்தைக் கூடு சுமக்கிறது, தண்டு சுற்ற மட்டும் செய்கிறது. காரில் அப்படியல்ல. அதே தண்டுதான் பாரத்தையும் சுமக்கிறது. 'லொறிக்குச் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்பது காருக்குப் பொருந்தாது.

4. க்ரவுனும் பினியனும் சோடியாக வெட்டப்பட்டவை. சோடியாகவே மாற்ற வேண்டும். பற்களில் மை பூசி, படும் இடத்தையும் இடைவெளியையும் பார்த்துப் பூட்டத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்களவுதான். காதால் கேட்டு முடிவு செய்யும் வேலையல்ல.

5. டிபரன்ஷலுக்கு வெல்டிங் வேண்டாம். பிடிப்புப் போதவில்லை என்றால் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் வகையைத் தேடுங்கள், அதற்குரிய ஒயிலையும் ஊற்றுங்கள்.

அந்த மாணவர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தார். "சேர், காரை வித்துப்போடவா?" என்று கேட்டார். விற்க வேண்டாம் என்றோம். வாங்குகிறவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருக்கும். முதலில் அச்சைச் சரிசெய், பிறகு யோசி என்றோம். இப்போது கூட்டைக் கழற்றி வீட்டு விறாந்தையில் வைத்திருக்கிறார். உடைந்து உடைந்து மற்றவர்கள் படித்ததை நாம் வாசித்தாவது படிப்போம் என்று, இருவரும் பேப்பரை விரித்துப் பழைய கணக்கை மறுபடி போட்டோம். இம்முறை விடைக்குக் கீழே கோடு போட்டதோடு நிறுத்தவில்லை.

ஊரில் பின் அச்சு வேலை நன்றாகத் தெரிந்த பாஸ்மார் இருந்தால் இதன் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகள் வாசிப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.